பூனைக்கு மணி கட்டுமுன் கணக்கைப் பார்ப்போம்

சற்று நீண்ட பதிவு. நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் முழுவதும் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் எங்கள் விடுதி அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. வளாகத்தில் திரியும் நாய்களும் பூனைகளும் பிடிக்கப்பட்டு வெளியே கொண்டுசென்று விடப்படும். அவற்றுக்கு உணவளிப்போர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். இவ்வளவே அதன் சாரம். உச்ச நீதிமன்றத்தின் ஆணை காரணமாகக் காட்டப்பட்டிருந்தது. 2025 நவம்பர் 7 அன்று பிறப்பிக்கப்பட்ட அந்த ஆணை, கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகங்களில் வைக்கச் சொல்கிறது. அது நாய்களைப் பற்றியது. அந்த ஆணை சரியா தவறா என்பது வேறு விவாதம். அதற்குள் இப்போது நுழையவில்லை. நாய்க்காக எழுதப்பட்ட ஆணையின் வாலில் பூனையையும் சேர்த்துக் கட்டியது யார் என்பதே என் கேள்வி. பிடித்த பூனைகளை எங்கே விடப்போகிறார்கள் என்பதற்கும் சுற்றறிக்கையில் விடையில்லை.

நான் மகாராஷ்டிரத்தின் ஒரு நகரில், உள்ளாட்சி அமைப்புகளின் நிதி குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். நகரத்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். சண்டைக்காக இதை எழுதவில்லை. ஆய்வின் பொருட்டு வரவுசெலவு அறிக்கைகளைப் புரட்டுபவன் என்பதால், இந்தப் பூனை விவகாரத்தையும் கணக்காகவே பார்க்க முயல்கிறேன். அந்தக் கணக்கு என் சொந்தப் பிழையிலிருந்து தொடங்குகிறது.

2021இன் இறுதியில் இங்கு வந்து சேர்ந்தபோது, விடுதியின் பின்படிக்கட்டில் ஒரு சாம்பல் நிறப் பெட்டைப் பூனை வந்து அமரும். ஊரைவிட்டு வந்த தனிமையில், மெஸ்ஸில் கிடைக்கும் பாலையும் சோற்றையும் அதற்கு வைக்கத் தொடங்கினேன். ஏப்ரலில் நான்கு குட்டிகள் ஈன்றது. விடுதியே கொண்டாடியது; கைப்பேசிகள் எல்லாம் குட்டிகளின் படங்களால் நிரம்பின. ஒரு குட்டி இருசக்கர வாகனத்தின் சக்கரத்தில் சிக்கியது. இரண்டு குட்டிகள் வாந்தியும் பேதியுமாக இரண்டே நாள்களில் அடுத்தடுத்து இறந்தன. எஞ்சியது ஒன்று. அது பால் மறப்பதற்குள் தாய் மீண்டும் சினையாகியிருந்தது. ஆகஸ்டில் ஐந்து குட்டிகள். பிழைத்தவை இரண்டு. அவ்வாண்டில் மட்டும் ஆறு குட்டிகளை வேப்பமரத்தடியில் புதைத்தேன். நான் ஒரு பூனைக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தச் சாவுகளுக்கான தீவனத்தையே நாள்தோறும் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இது என் விடுதியில் மட்டும் நிகழ்ந்த துயரமன்று. பூனையின் உடலியல் அப்படி அமைந்திருக்கிறது. நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் பெட்டை பருவமடைகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 65 நாள்கள். இணைசேர்க்கையே கருமுட்டை வெளிப்படுவதைத் தூண்டுவதால், சேர்ந்த பின் சினையாகாமல் போவது அரிது. குட்டிகளுக்குப் பாலூட்டும் காலத்திலேயே அடுத்த சினையும் தங்கிவிடும். பகற்பொழுது நீளும்போது பருவம் வரும் விலங்கு என்பதால் குளிர்நாடுகளில் பனிக்காலம் ஓர் இடைவெளி தருகிறது. நம் நாட்டின் பெரும்பகுதியில் அந்த இடைவெளியும் குறைவு. ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றுகள், ஒவ்வொன்றிலும் நான்கு குட்டிகள் என்று வைத்தாலே ஒரு பெட்டைக்கு எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள். ஆனால் தெருவெங்கும் பூனைகளாக நிறைந்துவிடவில்லை. காரணம், பெரும்பாலானவை செத்துப்போகின்றன. அமெரிக்காவின் வட கரோலினாவில் வீடற்ற பூனைகளின் குட்டிகளைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதம் நிறைவதற்குள் இறந்தோ காணாமலோ போனவை முக்கால் பங்கு. பிறப்பைத் தடுக்காத இடத்தில் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வேலையைச் சாவு செய்கிறது.

ஆகவே கருத்தடை என்றதும் எழும் முதல் மறுப்புக்கு, 'ஓர் உயிரின் தாய்மையைப் பறிக்க நீ யார்?' என்ற கேள்விக்கு, என் விடை அந்த வேப்பமரத்தடியில் இருக்கிறது. இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் எழுப்பியவர் எங்கள் மெஸ்ஸில் சப்பாத்தி இடும் மாவ்ஷி. மராத்தியில் சிற்றன்னையை அப்படி அழைப்பார்கள். வேலைசெய்யும் பெண்களையும் மரியாதையாக அவ்வாறே விளிப்பது இங்கே வழக்கம். பூனையைப் 'புலியின் மாவ்ஷி' என்று செல்லமாகச் சொல்வதும் இம்மொழியின் மரபு. "பாளா, பெற்றவள் வயிற்றில் கத்தி வைக்காதே, பாவம்" என்றார் அவர். ஆறு குட்டிகளையும் புதைத்த கதையைச் சொன்னேன். சிறிது நேரம் மாவைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். உண்மையில் அதுதான் சரியான கேள்வி. விலங்குகளை நேசிப்போரிடையே போதிய அளவு கேட்கப்படாத கேள்வியும் அதுவே.

எவ்வளவு ஆகும்? 2023 ஜூன் மாதத்தில் நாங்கள் ஐவர் சேர்ந்து, வளாகத்துப் பூனைகளைப் படமெடுத்து, நிறம், வால், வழக்கமாக உண்ணும் இடம் ஆகியவற்றைக் குறித்து ஒரு பட்டியல் தயாரித்தோம். வளர்ந்த பூனைகள் 19. பெட்டைகள் 11, கடுவன்கள் 8. தனியார் கால்நடை மருத்துவமனையில் கேட்டபோது பெட்டைக்கு 4,500 ரூபாய், கடுவனுக்கு 3,000 ரூபாய் என்றார்கள். மொத்தம் 73,500 ரூபாய். உதவித்தொகையும் மாதக்கணக்கில் தாமதமாகும் ஆய்வு மாணவர்களுக்கு அது கனவிலும் எட்டாத தொகை. ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில், தெருப்பூனைகள் என்று உறுதியளித்து மொத்தமாகக் கொண்டுவந்தால், பெட்டைக்கு 1,200 ரூபாய், கடுவனுக்கு 800 ரூபாய். வெறிநோய்த் தடுப்பூசியும் அதிலேயே அடக்கம் என்றார்கள். மொத்தம் 19,600 ரூபாய். ஆட்டோச் செலவு 4,800. மீன், பழந்துணி, செய்தித்தாள், கிருமிநாசினி என்று 2,100. ஆகமொத்தம் 26,500 ரூபாய். பொறிக்கூண்டு இரண்டை முன்பணம் கொடுத்து இரவல் வாங்கினோம். திருப்பிக் கொடுத்தபோது முன்பணம் வந்துவிட்டது.

ஒரு மாணவருக்கு மாதம் 100 ரூபாய் என்று 62 பேர் ஐந்து மாதங்கள் கொடுத்தார்கள். 31,000 ரூபாய் சேர்ந்தது. மீதம் 4,500 ரூபாய் கையிலிருந்தது. மாவ்ஷியும் மாதம் தவறாமல் தம் நூறு ரூபாயைக் கொடுத்தார். அந்த 62இல் அவரும் ஒருவர். மாணவர் என்ற கணக்கில்தான் எழுதிக்கொண்டோம்.

நான் சொல்லவரும் செய்தி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. உணவளிப்பது தனிமனிதரால் இயலும் செயல். அதன் மகிழ்ச்சியும் உடனடியாக அவருக்கே கிடைக்கிறது. கருத்தடையின் பயன் அப்படிப்பட்டதன்று. இரவில் கத்தல் குறைவது, குட்டிகள் சாகாமலிருப்பது, படிக்கட்டில் சிறுநீர் நாற்றம் அடங்குவது, வெறிநோய் அச்சம் நீங்குவது என்று அது வளாகத்தில் வசிக்கும் அனைவருக்கும், பூனையை வெறுப்பவருக்கும் சேர்த்தே, போய்ச்சேருகிறது. பொருளியலில் இதைப் பொதுநன்மை என்போம். பொதுநன்மையின் செலவை ஒரு தனிமனிதரின் பணப்பையில் கட்டினால் அது நடக்காது. நம் நகரங்களில் பூனைகளைப் பேணுவோரில் பலர் தம் வருமானத்தைக் கரைத்துக் கடனாளிகளாக இருக்கிறார்கள். அவர்களைத் 'தியாகிகள்' என்று புகழ்வதும் 'பைத்தியங்கள்' என்று ஏசுவதும், நம் பங்கைக் கொடுக்காமலிருப்பதற்கு நாம் கண்டுபிடித்த இரண்டு வழிகள்.

இனி, சுற்றறிக்கை முன்வைக்கும் மாற்றுவழியைப் பார்ப்போம். பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விடுவது மலிவானது போலத் தோன்றும். பூனைகள் இவ்வளாகத்தில் இருப்பதற்குக் காரணம் மெஸ்ஸின் பின்புறம் மூடியில்லாமல் கிடக்கும் கழிவுத் தொட்டிகள். பூனையை அகற்றிவிட்டுத் தொட்டியை அப்படியே வைத்தால், மதிலுக்கு அப்பாலிருந்து கருத்தடை செய்யப்படாத, தடுப்பூசி போடப்படாத வேறு பூனைகள் வந்து அவ்விடத்தை நிரப்பும். விடப்பட்ட பூனையோ, அறிமுகமில்லாத இடத்தில் உணவும் ஒளிவிடமும் தெரியாமல், வாகனத்திலோ நாயிடமோ சிக்கி மடியும். பட்டினியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றமாகக் குறிக்கப்பட்டுள்ளது என்பதையும் நிர்வாகத்தின் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

பிடித்து, கருத்தடை செய்து, அதே இடத்தில் விடும் முறை பயன் தருமா? ஒரு பல்கலைக்கழக வளாகத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 1991இல் தொடங்கிய இத்தகைய முயற்சியைப் பதினொரு ஆண்டுகள் ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1996இல் 68ஆக இருந்த பூனைகள் 2002இல் 23ஆகக் குறைந்தன. 1995க்குப் பிறகு அவ்வளாகத்தில் குட்டிகளே காணப்படவில்லை. இதில் மறைக்கக்கூடாத ஒரு நுணுக்கம் உண்டு. அங்கே இருந்த பூனைகளில் ஏறத்தாழப் பாதியை வீடுகளுக்குத் தத்துக் கொடுத்தார்கள். புதிதாக வந்தவற்றை ஈனுமுன்பே பிடித்துவிட்டார்கள். ஒருநாள் முகாம் நடத்திப் படமெடுத்துவிட்டுக் கலைந்துபோனால் இது நடக்காது. பத்துப் பூனைகளில் மூன்றுக்கு மட்டும் செய்துவிட்டு மறந்தால், எஞ்சிய ஏழும் அந்தக் குறையை விரைவில் நிரப்பிவிடும்.

எங்கள் வளாகத்தின் நிலை இது: 19 பூனைகளில் நான்கைத் தத்துக் கொடுத்தோம், மூன்று இறந்தன. கழுத்துப்பட்டையுடன் யாரோ கொண்டுவந்து விட்டுப்போன இரண்டு புதிதாகச் சேர்ந்தன. மிச்சமிருந்த 4,500 ரூபாயிலிருந்து அவற்றுக்கும் சிகிச்சை செய்தோம். இன்று இருப்பவை 14. சென்ற ஆண்டு இங்கே ஒரு குட்டியும் பிறக்கவில்லை. இந்தப் பதினான்கையும் அகற்றத்தான் இப்போது ஆள் அமர்த்தப்போகிறார்கள்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் அறைத்தோழர் சூழலியல் மாணவர். 'உன் பூனை தின்னும் ஓணான்களுக்கும் தவிட்டுக்குருவிகளுக்கும் யார் நூறு ரூபாய் சேர்ப்பது?' என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது. நியூசிலாந்தின் ஸ்டீவன்ஸ் தீவில் மட்டுமே எஞ்சியிருந்த ஒரு சிறு பறவையினம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூனைகளாலேயே அழிந்தது. கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடும். வயிறு நிறைந்திருந்தாலும் வேட்டையாடும். சரணாலயங்களை ஒட்டியும், பறவைகள் தரையில் கூடுகட்டும் இடங்களிலும் பூனைகளுக்கு உணவளிப்பதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் நகர வளாகத்தில் நம் முன்னிருக்கும் தேர்வு 'பூனை உண்டா இல்லையா' என்பதன்று. ஆண்டுதோறும் பெருகி மடியும் கூட்டமா, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறையும் கூட்டமா என்பதே. குருவிகளின் பக்கம் நின்று பார்த்தாலும் இரண்டாவதே மேல்.

பூனை ஆதரவாளர்கள் சொல்லும் ஒரு வாதத்தையும் நான் கைவிட்டுவிட்டேன். 'பூனை இருந்தால் எலி ஒழியும்' என்பது. நியூயார்க் நகரின் ஒரு கழிவு மறுசுழற்சி மையத்தில் 79 நாள்கள் கேமரா வைத்துப் பார்த்தபோது பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே என்று 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. பெருச்சாளியோடு மல்லுக்கட்டப் பூனைக்கும் விருப்பமில்லை. எலி குறைய வேண்டுமானால் தொட்டிக்கு மூடி போடவேண்டும். பயன் இருந்தால்தான் ஓர் உயிர் வாழலாம் என்ற நிபந்தனையும் எனக்கு உவப்பானதன்று.

இந்தியாவில் தெருநாய்களுக்கான கருத்தடைக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1960களிலேயே அதைத் தொடங்கியது. 2001இல் நாய்களுக்கான விதிகள் வந்தன. அவற்றுக்கு மாற்றாக 2023இல் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. புதிய விதிகளின் பெயரிலிருந்து 'நாய்கள்' என்ற சொல் நீங்கிவிட்டது. சமூக விலங்குகளுக்கு உணவளிக்கும் இடத்தையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு குடியிருப்போர் சங்கங்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் தரப்பட்டிருக்கிறது. அரசமைப்பின் 12ஆம் அட்டவணையும் விலங்குவதைத் தடுப்பை நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. எனினும் பணம் என்று வரும்போது பெரும்பகுதி நாய்க்கே போகிறது. காரணம் எளிது: நாய் கடித்தால் செய்தியாகிறது, பூனை ஓசையின்றிச் சாகிறது. மும்பை போன்ற சில மாநகராட்சிகள் பூனைகளுக்கும் இப்பணியைத் தொடங்கியிருக்கின்றன. மற்ற நகரங்களும் தம் வரவுசெலவுத் திட்டத்தில் பூனைக்கென்று தனியாக ஒரு வரி எழுதவேண்டும். தனித் தலைப்பில் எழுதப்படாத செலவு நடைமுறையில் செய்யப்படாத செலவு என்பதே என் ஆய்வில் நான் திரும்பத் திரும்பக் காண்பது.

அதுவரை நாம் செய்யக்கூடியவற்றைப் பட்டறிவிலிருந்து சொல்கிறேன். முதலில் எண்ணுங்கள். படத்துடன் பட்டியல் இல்லாமல் தொடங்காதீர்கள். பணம் குறைவாக இருந்தால் பெட்டைகளை முதலில் கொண்டுசெல்லுங்கள். தனித்தனியாகச் செல்லாமல் நான்கைந்தாகச் சேர்த்துச் சென்றால் கட்டணமும் ஆட்டோச் செலவும் குறையும். நாள்தோறும் ஒரே நேரத்தில் உணவு வைத்துப் பழக்கி, பிடிக்கும் நாளுக்கு முந்தைய வேளை உணவை நிறுத்தினால், பொரித்த மீன் வாடைக்குப் பூனை தானே கூண்டுக்குள் வரும். பிடித்தவுடன் கூண்டைத் துணியால் மூடிவிடுங்கள்; இருளில் அது அடங்கிவிடும். அறுவைக்குமுன் எத்தனை மணிநேரம் பட்டினி என்பதை மருத்துவரிடம் கேட்டு அதன்படியே செய்யுங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே இடக்காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லுங்கள். பார்ப்பதற்குக் கொடுமையாகத் தோன்றும்; ஆனால் அந்த அடையாளம் இருந்தால் அதே பெட்டையை மறுபடியும் பிடித்து வயிற்றைக் கிழிக்கும் கொடுமை நேராது. கடுவன் மறுநாளே நடமாடும். பெட்டையைத் தையல் ஆறும்வரை சில நாள்கள் கூண்டிலோ ஒரு காலியறையிலோ வைத்திருக்க இடம் தேடிக்கொள்ளுங்கள். எங்களுக்கு விடுதியின் பழைய மிதிவண்டிக் கொட்டகை உதவியது.

இரண்டு எச்சரிக்கைகள். காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். நாய்களுக்கு உண்ணி போகப் பூசும் மருந்துகளில் சிலவும் பூனைக்கு நஞ்சு. இன்னொன்று உணவு. பூனை இறைச்சியுண்ணி, டாரின் என்ற சத்து உணவிலிருந்தே அதற்குக் கிடைத்தாக வேண்டும். பாலும் சோறும் மட்டுமே தின்று வளரும் பூனைக்குக் காலப்போக்கில் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிப்பதுமில்லை. சைவ மெஸ்ஸில் நான் வைத்த கிண்ணமே அந்தச் சாம்பல் பூனையை நலிவடையச் செய்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மீன் கடையில் கழித்துப்போடும் தலைகள் மலிவு. வேகவைத்து முள் நீக்கிக் கொடுக்கலாம்.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது மூன்று. சுற்றறிக்கையிலிருந்து 'பூனைகள்' என்ற சொல்லை நீக்குங்கள். மெஸ்ஸின் தொட்டிகளுக்கு மூடி போடுங்கள். வளாகப் பராமரிப்புச் செலவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். புதிதாக வரும் பூனைகளின் கருத்தடைக்கும் ஆண்டுதோறும் போடவேண்டிய வெறிநோய்த் தடுப்பூசிக்கும் அது போதும். எங்கள் பட்டியலையும் மருத்துவமனை ரசீதுகளையும் கோப்பில் இணைத்துத் தருகிறோம். மீண்டும் அந்த ஐவரும் கூண்டு தூக்கத் தயார்.

'பூனைக்கு யார் மணி கட்டுவது?' என்று ஊர்க்கூட்டத்தில் எலிகள் கேட்டதாகக் கதை. இங்கே மணி கட்டியாகிவிட்டது. பதினான்கு பூனைகளும் காதில் அடையாளத்தோடு திரிகின்றன. கட்டியவர்கள் பூனைகளோடு சேர்த்து வெளியேற்றப்படாமலிருந்தால் போதும்.

அந்தச் சாம்பல் பூனை இன்னும் இருக்கிறது. வயதாகிவிட்டது, ஒரு கண் மங்கல். மாலையில் மெஸ் வாசலில் மாவ்ஷியின் காலடியில் படுத்திருக்கும். சுற்றறிக்கையை அவருக்கு மராத்தியில் படித்துக்காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில், கேட்காமலேயே, இந்த மாதத்து நூறு ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார். வசூலை நிறுத்தி இரண்டாண்டுகளுக்கு மேலாகிறது என்று சொன்னேன். "இனித் தேவைப்படும், வைத்துக்கொள்" என்றார்.

உங்கள் வளாகங்களிலும் குடியிருப்புகளிலும் இத்தகைய கணக்கு இருந்தால் கீழே எழுதுங்கள். தொகைகளைக் குறிப்பிட்டே எழுதுங்கள். அடுத்து தொடங்குபவர்களுக்கு அவை உதவும்.